கன்னத்தை விட்டுப் போன பொட்டு

கொக்கரைப்பேட்டையில் ஒரு திருஷ்டிப் பொட்டு குழந்தையின் கன்னத்தை விட்டு இறங்கிப் போய்விட்டது என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். போனதில் என்ன இருக்கிறது, போய் உட்கார்ந்த இடங்களைக் கேளுங்கள் என்பார்கள். கேட்டால் ஆளுக்கொரு இடத்தைச் சொல்லி, அங்கே அது போயிருக்கவே கூடாது என்றோ, போனதுதான் சரி என்றோ பஸ் வரும்வரை வாதாடுவார்கள், பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாதாடுவார்கள். உலகம்மாள் மட்டும் வாதாட மாட்டாள். அந்தப் பொட்டை வைத்தவள் அவள். அது விட்டுப் போனது அவள் மகளின் கன்னத்தை.

உலகம்மாளின் வீட்டுக்காரர் திருவாழி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, டாக்டர்களும் சாமிகளும் கைவிட்டு, விசேஷம் உண்டா என்று கேட்பதை ஊரும் நிறுத்திவிட்ட பிறகு பிறந்த பிள்ளை பவளமணி. பிறந்த நாளிலிருந்து உலகம்மாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தாலும் பார்த்துக்கொண்டிருந்தாள், கொடியில் காய்ந்த துணி மழையில் நனைந்து மறுபடி வெயிலில் காய்ந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தாள், திருவாழி தோளிலிருந்து டிக்கெட் பையை இறக்கிவிட்டு சோறு, சோறு என்று கேட்டுப் பார்த்து, பிறகு தானே போட்டுத் தின்று தட்டையும் கழுவி வைத்துவிட்டு அடுத்த டிரிப்புக்குக் கிளம்பினாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு முப்பிடாதிதான் ஒரு நாள் அதட்டினாள்.

"இப்படிக் கண்ண எடுக்காம பாத்தா பிள்ளைக்கு ஆவுமா மைனி? ஊரார் கண்ணு பட்டா சுத்திப் போட்டுக் கழிச்சிரலாம். பெத்தவ கண்ணு பட்டா எங்கன கொண்டு போய்க் கழிக்க? ஒரு பொட்ட வச்சுட்டுப் பாரு."

உலகம்மாள் அன்றைக்கே மை செய்ய உட்கார்ந்தாள். கடை மையை நம்பாமல், கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, திரி திரித்து விளக்கெண்ணெயில் எரித்து, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டிக் குழைத்து, மிளகு அளவுக்குப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். தினமும் குளிப்பாட்டினால் தினமும் வைக்க வேண்டியதுதானே, அந்தப் பொட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஒருமுறை வைத்ததோடு சரி, தண்ணீருக்கும் பயற்றமாவுக்கும் அசையாமல் அங்கேயே இருந்தது. நல்ல மை என்று உலகம்மாள் சந்தோஷப்பட்டாள். பொட்டு இருக்கிற தைரியத்தில் முன்னைவிட அதிகமாகப் பார்த்தாள்.

முத்தாரம்மன் கோயிலில் பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்குச் சொந்தமெல்லாம் வந்தது. தாய்மாமன் பெண்டாட்டி மூக்கைப் பார்த்து, என்ன மூக்கு இது, கிள்ளி வச்ச மாதிரி என்றாள். காது குத்திய ஆசாரி, காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, இது தங்கம் தாங்கும் காது என்றார். போட்டோ எடுக்க வந்தவர் நெற்றியைச் சொன்னார், திருவாழியோடு வேலை பார்க்கும் டிரைவர் பிள்ளையின் அழுகையிலே ஒரு ராகம் இருக்கிறது என்றார். உலகம்மாள் பந்திக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றபடி, பிள்ளையை யார் யார் பார்க்கிறார்கள், பார்க்கிறவர்கள் முகம் எப்படி மலர்கிறது, யார் முகம் மலராமல் இருக்கிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லா முகங்களையும் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தபோது பிள்ளையின் கன்னம் வெறுமையாக இருந்தது. தலையணையில் கறை இல்லை, துண்டில் கறை இல்லை. திருவாழி துடைத்துவிட்டாரோ என்று அவரிடம் சண்டைக்குப் போகும் நேரத்தில், பால் வாங்கப் போன முப்பிடாதி வெறும் செம்போடு திரும்பி ஓடி வந்தாள். பொட்டு மாசானத்தின் எருமை மேல் இருந்தது.

ஒரு கொம்பு ஒடிந்து, ஒரு கண் பூத்துப்போன எருமை. கறுப்பு எருமையின் மேல் கறுப்புப் பொட்டு எப்படித் தெரிந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பூத்துப்போன அந்த வெள்ளைக் கண்ணின் நடுவில், விழி இருக்க வேண்டிய இடத்தில், அது உட்கார்ந்திருந்தது. எருமை இரண்டு கண்ணாலும் பார்ப்பது மாதிரி இருந்தது. உலகம்மாள் ஈரத்துணியோடு போனாள், துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள், துணியில் அது ஒட்டவில்லை. ஊரே கூடி நின்று சிரித்தது. மாசானம் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியோரம் குந்தியிருந்து, அது அசை போடுவதைத் தினமும் பார்ப்பதுபோல் அன்றைக்கும் பார்த்துக்கொண்டு, "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார்.

உலகம்மாளுக்கு எருமையின் மேல் கோபமில்லை. என் பிள்ளையிடம் என்ன குறை கண்டது என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக இறங்கிவிட்டது. அழகாக இருப்பதில்தானே திருஷ்டிப் பொட்டுக்கு வேலை. வேலை இல்லை என்று அது எழுந்து போயிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பொட்டு மறுபடி தன் மகளின் கன்னத்துக்கு வந்து உட்கார்வதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவள் அன்றைக்கு முத்தாரம்மன்மேல் ஆணையிட்டாள். அம்மன் அதைக் கேட்டதா என்று தெரியாது, முப்பிடாதி கேட்டாள்.

பொட்டு எருமையிடமும் நிலைக்கவில்லை. ஊரில் எங்கெங்கோ போய் உட்கார்ந்தது, சில இடத்தில் ஒரு பொழுது, சில இடத்தில் வாரக்கணக்கில். முதலில் பயந்தார்கள், பிறகு பூசை போட்டார்கள், பூசைக்கும் அசையாததால் பழகிப்போனார்கள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதற்குப் பதில் இன்றைக்குப் பொட்டு எங்கே என்று கேட்டார்கள். ரேடியோ செட்டுக்காரர் தன் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு, கல்யாண அறிவிப்புக்கும் காணாமல்போன ஆட்டுக்குட்டிக்கும் நடுவே பொட்டு இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்ததால் திருவாழியின் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போனது. சுகாதார அதிகாரி ஒருவர் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து அழுத்தித் தேய்த்தார், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, தேய்த்த இடம் பளபளப்பானது. பிள்ளை பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பொட்டு வைக்கவே யோசித்தார்கள், வைத்து அதுவும் எழுந்து போய்விட்டால் ஊர் என்ன பேசும்?

ஒருமுறை பொட்டு ஓய்வுபெற்ற தாசில்தாரின் வழுக்கை மண்டையில், உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. மனிதர் கூச்சப்பட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டே திரிந்தார். பார்க்க வந்தவர்கள் துண்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதில் என்னப்பா அழகு, வெயில் பட்டால் கண் கூசுகிறது என்று முணுமுணுத்தார்கள். தினமும் காலையில் அந்த மண்டையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடும் அவர் சம்சாரம் உள்ளே முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஆச்சரியமாக இல்லையா அம்மா என்று ஒருவர் கேட்டதற்கு, இதில் என்ன ஆச்சரியம் என்று அவள் உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள். ஈரத்துணியோடு வந்திருந்த உலகம்மாளுக்கும் ஒரு முறுக்கு கிடைத்தது.

ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில், ஸ்டெல்லா டீச்சர் போட்டிருந்த கணக்கின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. கரும்பலகைதான் பழசாகி வெளுத்திருந்ததே, பொட்டு நன்றாகத் தெரிந்தது. டீச்சர் அந்தக் கணக்கை அழிக்க விடவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த தமிழாசிரியர், மீதி இருந்த ஒரு முழ இடத்தில் குனிந்து குனிந்து எழுத வேண்டியதாயிற்று. "இதுல என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டதற்கு, "இத்தனை பெரிய கணக்கு, சார், கடைசியில ஒண்ணும் மிச்சமில்லாம முடியுது பாருங்க" என்று டீச்சர் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். தமிழாசிரியர் பார்த்தார், அவருக்கு எண்கள்தான் தெரிந்தன.

அழகு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இடத்துக்கும் அது போகாமல் இல்லை. பேங்க் மானேஜரின் மகள் ஒருத்தி இருந்தாள், அவள் தெருவில் நடந்தால் சைக்கிள்கள் தாமாகவே மெதுவாகும். ஒரு பங்குனி முழுக்கப் பொட்டு அவள் கழுத்தெலும்பில் இருந்தது. ஊருக்கு நிம்மதியாக இருந்தது, பொட்டுக்குப் புத்தி வந்துவிட்டது என்றார்கள். அந்தப் பங்குனி முழுக்க எதிர்மாடியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமலிருந்த கம்பவுண்டர் சித்திரையில் மாற்றலாகிப் போனான். பொட்டும் போய்விட்டது, அவள் அழகு அப்படியேதான் இருந்தது.

பொட்டு எங்கே போனாலும் ரேடியோ செட்டுக்காரருக்கும் முந்திப் போய் நின்றது உலகம்மாள்தான். காலையில் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, முந்தானையைத் தலையோடு இழுத்து மூடி, ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் பவளமணியின் மணிக்கட்டு என்று கிளம்பிவிடுவாள். பொட்டு பிள்ளையை நேரில் பார்த்தால் மனம் மாறும் என்பது அவள் கணக்கு. பிள்ளை வளர்ந்து மணிக்கட்டு பிடிக்குள் அடங்காமல் போனபோது, பின்னால் நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டாள். ஊர் அவர்களை ஒன்றாகவே பார்த்துப் பழகியது. முன்னால் தாய், பின்னால் மகள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோழி குறுக்கே ஓடும் அளவுக்கு இடம்.

ரேஷன் கடைச் சுவரின் கதையும் இந்தக் காலத்தில் நடந்ததுதான். மழை ஒழுகி ஒழுகி அந்தச் சுவரில் பெரிய ஈரக்கறை ஒன்று படர்ந்திருந்தது, பச்சையும் பழுப்புமாக, ஓரமெல்லாம் உப்புப் பூத்து. பொட்டு அதன் நடுவில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு அசிங்கமான இடத்திலா உட்கார வைப்பது என்று ஊர் வெட்கப்பட்டு, பேரூராட்சித் தலைவர் முன்னின்று நடத்த, பொட்டை மட்டும் விட்டுவிட்டு மீதிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் செங்காவி வரி இழுத்தது. சுண்ணாம்பு காய்வதற்குள் பொட்டைக் காணவில்லை. எதிர்வீட்டில் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்து, வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்த தையல்காரர் சங்கிலி ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"ஏ பாவிகளா! காலம்பற ஒரு மாதிரி இருக்கும், மழ பெஞ்சா ஒரு மாதிரி இருக்கும், நான் என்னத்தவே பாப்பேன் இனி?"

கறையைச் சொல்கிறார் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. வெறும் சுவருக்கு மாலையைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். சங்கிலி கட்டிலை உள்சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார், சில நாள் சாப்பிடவில்லை. உலகம்மாள் அவர் கத்தியதைக் கேட்டாள், பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் யாரோ பொட்டு குளத்தங்கரையில் என்று சொல்லவே முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் ஓடி வந்த பவளமணி கல் தடுக்கிக் குப்புற விழுந்து புருவம் கிழிந்தது. திரும்பி வந்து காப்பித்தூள் வைத்து அழுத்தியது முப்பிடாதி. குளத்தங்கரையில் பொட்டும் இல்லை ஒன்றும் இல்லை, தாமரை இலையில் ஒரு வண்டு.

எங்கேயும் காணப்படாத நாட்களும் உண்டு. ரேடியோ செட்டுக்காரர் ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "இன்று பொட்டு லீவு" என்று அறிவிப்பார். ஊருக்கு அன்றைக்கு ஒரு தளர்வு வந்துவிடும். பெண்கள் தலை வாராமல் வாசலில் உட்காருவார்கள், ஜவுளிக்கடைக்காரர் பொட்டை இழுப்பதற்காக வாசலில் தொங்கவிட்டிருக்கும் பட்டுப்புடவைகளை உள்ளே எடுத்து மடிப்பார், எதைப் பார்த்தாலும் இது அழகுதானா என்று யோசிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டு போகலாம். உலகம்மாளுக்குத்தான் அந்த நாட்களில் ஓய்வே கிடையாது. செங்கல் சூளை, ரயில் கேட், வாழைத்தோப்பு, மையவாடிக் கல்லறைகள் என்று ஊரின் எல்லைவரை நடப்பாள். பவளமணி பின்னாலேயே நடப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தேடுகிற வேலை என்றால் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று ஊரே மெச்சியது.

பவளமணி எல்லாப் பிள்ளைகளையும்போல வளர்ந்தாள், படித்தாள், கூட்டுறவுச் சொசைட்டியில் வேலைக்கும் போனாள். எப்படி இருப்பாள் என்று கேட்டால் ஊர் சற்று யோசித்து, நல்லாத்தான் இருப்பா என்று சொல்லும். அந்த 'தான்' உலகம்மாளுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

பெண் கேட்டுச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்குத் தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பையனின் அம்மா மரகதம் போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க ஊருல ஏதோ பொட்டு இருக்காமே, அழகு எதுன்னு அதுவே காட்டிக் குடுக்குமாமே. நாங்க வாற அன்னைக்கு அது எங்க இருக்குன்னு ஒரு பார்வை பாத்துக்கிடுதோம். சும்மா ஒரு ஆசைக்குத்தான், மதினி."

சும்மா ஆசைக்கு என்று சொல்லப்படுகிறவை எவ்வளவு கனமானவை என்று உலகம்மாளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள், வெகுகாலமாகப் பரண்மேல் கிடந்த பித்தளைத் தட்டை இறக்கினாள். கரிசலாங்கண்ணி தேடிப் பிடுங்கி வந்தாள். துணி நனைத்து, நிழலில் காயவைத்து, திரி எரித்தாள். வீடெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. திருவாழி எட்டிப் பார்த்து, "வேண்டாம்ங்கேன். தொட்டுப் பாத்து கையில ஒட்டுச்சின்னா மானம் போவும்" என்றார். உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையினால்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ரேடியோ செட்டுக்காரர் காலையிலேயே லீவு அறிவித்துவிட்டுப் போய்விட்டார். உலகம்மாளுக்கு அது அம்மனே கொடுத்த வழியாகத் தெரிந்தது. ஊரில் வேறெங்கும் இல்லாத பொட்டு தன் மகளின் கன்னத்தில் இருந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்? முன்னறையில் மரகதமும் அவள் வீட்டாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திருவாழி டிக்கெட் கிழிக்காத குறையாக ஒவ்வொருவரையும் இன்னும் ஒரு கரண்டி என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையில் பவளமணி பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள் கதவைச் சாத்திவிட்டு எதிரே குந்தி, ஆள்காட்டி விரலில் மையைத் தொட்டு எடுத்து, மகளின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எந்தக் கன்னத்துலட்டி வச்சிருந்தேன்?"

"ஒரு வயசுல வச்ச பொட்டு. எனக்கு எப்படிம்மா தெரியும்?"

உலகம்மாள் சுவரில் மாட்டியிருந்த காதுகுத்துப் போட்டோவைப் பார்த்தாள். மாமன் மடியில் பிள்ளை, பிள்ளையின் முகத்தை ஆசாரியின் கை பாதி மறைத்திருந்தது. பக்கத்தில் அவளே நின்றிருந்தாள், வாயெல்லாம் பல்லாக. அவள் பார்வை பிள்ளைமேல் இல்லை. போட்டோவுக்கு வெளியே யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடமா வலமா? யோசித்து யோசித்துப் பார்த்தாள், கரிசலாங்கண்ணி நினைவுக்கு வந்தது, தட்டு வந்தது, கன்னம் வரவில்லை.

"விடும்மா. இருக்கிறப்ப எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் பவளமணி.

"எங்கட்டி இருக்கு?"

"உன் பிடரியில. கொண்டைக்குக் கீழ."

உலகம்மாள் சிரிக்கத்தான் பார்த்தாள். மகளின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து இருக்கு. முன்னாடியும் எத்தனையோ தடவ வந்திருக்கும்மா. லீவு, லீவுன்னு சொல்லிட்டுப் போவாங்கல்லா, அப்பல்லாம் அங்கனதான் இருக்கும். நீ குளிச்சிட்டு வந்து கொண்ட போடுவ, நான் பாப்பேன். பொறவு முந்தானையப் போட்டு மூடிக்கிட்டுத் தேடக் கிளம்பிருவ."

"சின்னதுலேர்ந்தா?"

"ஆமா."

"ஏன்ட்டி சொல்லல?" என்றாள் உலகம்மாள். "செங்கச் சூளை வரைக்கும் வெயில்ல நடந்தமே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல்லா?"

பவளமணி மடியில் கிடந்த பூச்சரத்தின் நாரை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "சொன்னா நீ தேடுறத விட்டுருவ. தேடப் போறப்பதான என்னையும் கூட்டிட்டுப் போவ."

உலகம்மாளின் கை தானாகவே பிடரிக்குப் போனது. மை தொட்ட விரல் என்பது நினைவில்லாமல் தடவிப் பார்த்தாள், பிடரியெல்லாம் கரியானது. அங்கே பொட்டு இருந்ததா, அவள் விரல்பட்ட மைதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"என் பிடரியில அப்படி என்னட்டி இருக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நீ முன்னால நடந்த. பின்னால வாரவ வேற எதப் பாக்க?"

தொட்டியோரம் குந்தியிருந்த மாசானம் அவள் மனதில் வந்தார். சூடான முறுக்கை நீட்டிய தாசில்தார் சம்சாரம் வந்தாள். சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக் கத்திய சங்கிலி வந்தார், அவரைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எல்லா இடத்துக்கும் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறாள், எல்லோரையும் தாண்டிக்கொண்டு பொட்டைப் பார்த்திருக்கிறாள். உலகம்மாள் வாய்விட்டு அழுதாள், முன்னறையில் கேட்டுவிடும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து, எதிரே பலகைமேல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள்.

வலது புருவம் நடுவில் பிரிந்திருந்தது, அங்கே முடி முளைக்கவே இல்லை, காப்பித்தூளின் நிறம் தோலுக்குள் இன்னும் கொஞ்சம் தங்கியிருந்தது. ஒரு காதின் ஓட்டை மற்றதைவிட ஒரு நூல் மேலே இருந்தது, ஆசாரி குத்தும்போது பிள்ளை தலையைத் திருப்பியிருக்க வேண்டும், இத்தனை வருஷமும் இரண்டு கம்மலும் ஏற்ற இறக்கமாகத்தான் ஆடியிருக்கின்றன. மேலுதட்டில் பூனைமயிர். கீழுதட்டைக் கடித்துக் கடித்து ஒரு ஓரம் தடித்திருந்தது, எந்த நாளில் இந்தப் பழக்கம் வந்தது என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே திருவாழியின் அதே சோர்வு, கடைசி டிரிப் முடிந்து வரும்போது அவருக்கு இருக்கும் சோர்வு. மூக்கு, தாய்மாமன் பெண்டாட்டி சொன்ன மூக்கு அல்ல, அது வளர்ந்து வேறொரு மூக்காகியிருந்தது. உலகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது, பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ண வரச் சொல்லுங்க மதினி, நேரமாவுது" என்று மரகதத்தின் குரல் கேட்டது, பார்த்துக்கொண்டிருந்தாள். திருவாழி கதவை இரண்டு தரம் தட்டினார், அதற்கும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் முப்பிடாதிதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் பவளமணியைப் பார்த்துக் கையை வாய்மேல் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மரகதம் கேசரிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பிறகு அவளும் ஒரு அம்மாதானே, சந்தேகம் விடவில்லை, விரலை எச்சில் தொட்டுப் பவளமணியின் முகத்திலிருந்த பொட்டை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்குக் காரணம் பொட்டா, தன் கேசரியா என்று திருவாழி பஸ்ஸில் ஏறுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு வேறு வாதம் கிடைத்துவிட்டது. பொட்டு இடது கன்னத்தில் இருந்தது என்று முப்பிடாதி சத்தியம் செய்தாள், வலது கன்னம் என்று மரகதம் சாத்தூரிலிருந்து போன் போட்டுச் சொன்னாள், கன்னமே இல்லை, அந்தப் பிரிந்த புருவத்தின் நடுவில்தான் என்றார் சேதி கேட்டு ஓடி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்த ரேடியோ செட்டுக்காரர். முடிவில் எல்லோரும் சேர்ந்து உலகம்மாளிடமே போனார்கள். நீங்கதானே அக்கா பக்கத்திலேயே இருந்தீங்க, நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் இருந்தது?

உலகம்மாள் வெட்கத்தோடு சொன்னாள், "நான் பொட்டக் கவனிக்கலயே."